பி0101 வந்தபின்: ஏர் ஃப்ளோ சென்சாரை மாற்றுவதா, சோதிப்பதா?

செக் என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0101 என்ற எண்ணும் வந்துவிட்டால், ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் நமக்குக் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் நான்குக்குள் அடங்கிவிடும். என்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரையே புதிதாக மாற்றிவிடலாம். கழற்றிச் சுத்தம் செய்து பார்க்கலாம். சென்சாரின் ஒயர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். தெரிந்தவர் வண்டியிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்க்கலாம். ஐந்தாவதாக, வண்டி தானே சொல்லும் எண்களைக் குறித்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கும் வழி ஒன்றும் இருக்கிறது. கடந்த ஆறு மாதங்களில் என் 1248 சிசி டர்போ டீசல் வண்டிக்காக இவற்றில் மூன்றை நான் செய்து பார்த்தேன், இரண்டைத் தவிர்த்தேன். எது யாருக்குப் பொருந்தும் என்பதைச் செலவு, நேரம், கிடைக்கும் விடையின் நம்பகம் ஆகிய மூன்றையும் வைத்து இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் இந்த எண் என்ன சொல்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பாதிப் பணம் இங்கேதான் வீணாகிறது. பி0102, பி0103 என்பவை மின்சார வகைக் குறைகள். சென்சாரிலிருந்து வரும் சமிக்ஞை இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே போய்விட்டது அல்லது மேலே போய்விட்டது என்று பொருள். அவை வந்தால் ஒயரையும் பிளக்கையும் பார்க்க வேண்டும். பி0101 வேறு ரகம். சென்சார் சொல்லும் காற்றின் அளவும், வேகம், அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எதிர்பார்க்கும் அளவும் ஒத்துப்போகவில்லை என்பதே அதன் பொருள். ஒத்துப்போகாததற்கு சென்சார் தவறாகச் சொல்வது ஒரு காரணமாக இருக்கலாம். சென்சார் சரியாகவே அளந்து சொல்ல, அளந்த காற்று என்ஜினுக்குப் போய்ச் சேராமல் வழியில் கசிவதும் காரணமாக இருக்கலாம். டர்போ வண்டியில் இந்த இரண்டாவது சாத்தியம் மிகப் பெரியது. சென்சாருக்குப் பின்னால் காற்றை அழுத்தும் டர்போவின் கம்ப்ரசர், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், நான்கைந்து ரப்பர் ஓஸ்கள், அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்புகள் என்று ஒரு நீண்ட பாதை இருக்கிறது, அதில் பெரும்பகுதி அழுத்தத்தில் வேலை செய்கிறது.

சென்சாரின் வேலை எளிமையானது. ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள குழாயில் ஒரு சிறிய சூடான படலம் இருக்கும். கடந்து போகும் காற்று அதன் சூட்டை எடுத்துச் செல்லும். எவ்வளவு சூடு போகிறது என்பதிலிருந்து ஒரு வினாடியில் எத்தனை கிராம் காற்று போனது என்பது கணக்கிடப்படுகிறது. படலத்தின் மேல் தூசும் எண்ணெயும் படிந்தால் சூடு சரியாகப் போகாது, காற்று அதிகமாகப் பாயும் நேரத்தில் அளவு குறைவாகக் காட்டும். வடசென்னை வண்டிகளுக்கு இதில் கூடுதல் பங்கு உண்டு. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் முக்கால் மணி நேரம் ஊர்ந்து, அத்திப்பட்டுப் பக்கம் நிலக்கரித் தூசையும் வாங்கிக்கொண்டு, இரவில் காசிமேட்டு உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு, கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வரை ஏர் ஃபில்டரை விட்டுவைப்பது சரிப்படாது. நான் பாதித் தூரத்திலேயே மாற்றிவிடுகிறேன்.

சர்வீஸ் சென்டரில் நேராக மாற்றுவது முதல் வழி. என் வண்டியை நான் முதலில் கொண்டுபோன இடத்தில் எண்ணைப் படித்த பத்தாவது நிமிடத்தில் சென்சாருக்கும் கூலிக்கும் சேர்த்து 9,400 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஓஸ்களைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, “ஸ்கேனர்லயே காட்டுது சார்” என்பதுதான் பதில். வாரன்டி இருக்கும் வண்டிக்கு இந்த வழியே சரி. செலவு நம்முடையதாகாது, வெளியில் கை வைத்தால் வாரன்டிக்கும் சிக்கல். புதிய சென்சார் மாட்டியபின் பழைய சென்சாருக்கு ஏற்ப இசியூ கற்றுவைத்திருக்கும் மதிப்புகளை அழிக்க வேண்டிய வண்டிகளுக்கும் அங்கிருக்கும் கருவி உதவும். வாரன்டி முடிந்த பழைய டீசலுக்கோ, இது ஊகத்தின் பேரில் போடும் பணம். புதிய சென்சாருக்குப் பின்னும் எண் திரும்பி வந்தால் திரும்பக் கிடைக்காத பணமும் கூட, ஏனெனில் மின்சார உதிரிபாகங்களை விற்றபின் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையை நான் பார்த்ததில்லை.

சுத்தம் செய்வது மலிவான வழி. சில நூறு ரூபாய் ஸ்ப்ரே, ஒரு ஸ்க்ரூடிரைவர், அரை மணி நேரம். இந்த வேலைக்கென்றே விற்கும் ஏர் ஃப்ளோ சென்சார் கிளீனரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். கார்புரேட்டர் கிளீனர் பிசின் போன்ற மிச்சத்தை விட்டுச்செல்லும், பிளாஸ்டிக்கையும் தாக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைப்பதும், பஞ்சர் கடை ஏர் பைப்பை வைத்து ஊதுவதும் படலத்தைக் கொன்றுவிடும். தள்ளி நின்று பத்து முறை தெளித்து, தானாகவே காயவிட்டு மாட்ட வேண்டும். இதனால் கெடுதல் இல்லை என்பதால் பலரும் இதையே முதலில் செய்கிறார்கள், செய்யலாம். ஆனால் இதிலுள்ள சிக்கல், சுத்தம் செய்தபின் எண்ணை அழித்துவிட்டு ஓட்டினால் இரண்டு நாள் விளக்கு எரியாது, சரியாகிவிட்டது என்று நாமும் நம்பிவிடுவோம். இசியூ அந்தச் சோதனையைத் திரும்ப நடத்தி முடிக்கும் வரை விளக்கு எரியாமல் இருப்பது எதற்கும் சான்றாகாது. சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஓட்டி எண்களைக் குறித்தால்தான் ஸ்ப்ரே என்ன செய்தது என்று தெரியும்.

பிளக்கைப் பிடுங்கும் சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை, தெருவோர மெக்கானிக்குகளிடம் இது மிகப் பிரபலம். சமிக்ஞை வராதபோது பல வண்டிகளில் இசியூ ஒரு மாற்று மதிப்பை வைத்து ஓட்டும். பிளக் இல்லாதபோது வண்டி நன்றாக ஓடினால் சென்சார் கெட்டது என்று முடிவு கட்டுவார்கள். பெட்ரோல் வண்டியில் இதற்கு ஓரளவு மதிப்புண்டு. டீசலில் இது ஏமாற்றும். டீசல் என்ஜினில் ஏர் ஃப்ளோ சென்சாரின் முக்கிய வேலைகளில் ஒன்று, புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வை எவ்வளவு திறப்பது என்று தீர்மானிக்க உதவுவது; சமிக்ஞை இல்லையென்றால் இசியூ பொதுவாக ஈஜிஆரை மூடிவிடும். கரி பிடித்து அளவுக்கு மீறித் திறக்கும் ஈஜிஆர் உள்ள வண்டியும், அதை மூடும்படி கட்டளை போனதும் கொஞ்சம் துடிப்பாகிவிடும். அப்படியானால் நாம் சோதித்தது சென்சாரையா, ஈஜிஆரையா? சில வண்டிகள், சக்தியைக் குறைத்து ஓடும் லிம்ப் மோடுக்கே போய்விடும் என்பது தனி. நான் தவிர்த்த இரண்டு வழிகளில் இதுவும் ஒன்று.

இரவல் சென்சார் நல்ல சோதனை, கிடைத்தால். அதே என்ஜின், அதே பாக எண், குறை இல்லாத வண்டி என்ற மூன்றும் பொருந்த வேண்டும். கொருக்குப்பேட்டையில் டாக்சி ஓட்டும் என் மச்சான் அரை நாள் கொடுத்தார். மாட்டியும் புல்லிங் வரவில்லை, கரும்புகையும் நிற்கவில்லை. என் சென்சார் மேல் இருந்த சந்தேகத்தில் பாதி அன்றே போய்விட்டது. ஆனால் சென்சார் இல்லையென்றால் வேறு எது என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

அதைச் சொல்வது எண்கள். இந்தியாவில் விற்கும் கார்களுக்கு, வண்டி தன் குறைகளைத் தானே கண்டறிந்து சொல்லும் ஓபிடி-2 முறை 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது; அதற்குப் பிந்தைய வண்டியென்றால் ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகி, செல்பேசியிலேயே காற்றின் அளவு, மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) அழுத்தம், என்ஜின் வேகம் ஆகிய மூன்றையும் ஓடும்போதே பதிவு செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மீஞ்சூரில் முடியும் அவுட்டர் ரிங் ரோட்டுக்குப் போனோம். நான் ஓட்ட, மச்சான் செல்பேசியைப் பார்த்துக்கொண்டார். இதைத் தனியாகச் செய்யக் கூடாது. மூன்றாவது கியரில் நிமிடத்துக்கு 1500 சுற்றிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, 3000-ஐக் கடக்கும் இடத்தில் வந்த எண்களை எடுத்துக்கொண்டோம். மேனிஃபோல்டு அழுத்தம் 160 கிலோபாஸ்கல், காற்று வினாடிக்கு 58 கிராம்.

இந்த இரண்டு எண்களே விடையைச் சொல்லிவிட்டன, எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் முழுக் கொள்ளளவை உள்ளே இழுக்கும். 1.248 லிட்டர் என்ஜின் 3000 சுற்றில் நிமிடத்துக்கு 1872 லிட்டரை, அதாவது வினாடிக்கு 31.2 லிட்டரை விழுங்கும். அந்த ஒவ்வொரு லிட்டரிலும் எத்தனை கிராம் காற்று இருக்கும் என்பது அழுத்தத்தையும் வெப்பத்தையும் பொறுத்தது. 160 கிலோபாஸ்கல் அழுத்தத்தில், இன்டர்கூலரைக் கடந்த காற்று 55 டிகிரி என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 1.7 கிராம். சிலிண்டர் ஒருபோதும் முழுதாக நிரம்பாது. 85 சதவீதம் நிரம்பும் என்று வைத்தால் 31.2-ஐ 1.7-ஆலும் 0.85-ஆலும் பெருக்கி 45 கிராம் வருகிறது. அந்த அழுத்தத்தில் என்ஜின் விழுங்கக்கூடியது 45. சென்சார் உள்ளே போனதாகச் சொல்வது 58. மீதி 13 கிராம் எங்கே? நிரம்பும் சதவீதத்தை நான் கொஞ்சம் தப்பாக எடுத்திருந்தாலும், வெப்பநிலையில் பத்து டிகிரி முன்பின் இருந்தாலும், இவ்வளவு பெரிய வித்தியாசம் வராது. தூசு படிந்த சென்சார் அழுத்திப் பிடிக்கும் நேரத்தில் குறைத்துத்தான் காட்டும். என்னுடையதோ என்ஜினால் விழுங்க முடியாத அளவைக் காட்டியது. டர்போ அள்ளிய காற்று வழியில் எங்கோ வெளியே போகிறது என்பதே பொருள்.

இதே கணக்கை மற்றவர்கள் தங்கள் வண்டிக்குப் போடும்போது மூன்று விதமான விடைகளில் ஒன்று வரும். அழுத்தம் நன்றாக ஏறி, சென்சார் மட்டும் கணக்கைவிட மிகக் குறைவாகச் சொன்னால், சந்தேகம் சென்சார் மேல். அழுத்தம் ஏறாமல், சென்சார் கணக்கைவிட அதிகமாகச் சொன்னால் கசிவு. இரண்டும் சேர்ந்தே குறைவாக இருந்து, தங்களுக்குள் ஒத்தும் போனால், சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. அடைத்த ஏர் ஃபில்டரையோ, டர்போவையோ, டர்போவைக் கட்டுப்படுத்தும் வேக்குவம் குழாயையோ, புகைக்குழாய் அடைப்பையோ பார்க்க வேண்டும். புகையும் இதற்குத் துணை நிற்கும். டீசலில் சென்சார் குறைத்துக் காட்டினால் இசியூ அதை நம்பி எரிபொருளையும் குறைத்துவிடும், எனவே வண்டி இழுக்காது, ஆனால் புகையும் பெரிதாக வராது. கசிவு இருந்தால் சென்சார் அளந்த காற்றுக்கு ஏற்ப டீசல் ஊற்றப்படும், காற்றோ சிலிண்டருக்குள் முழுதாக வராது, அதனால் கரும்புகை வரும். என் வண்டி பின்னால் வந்த பைக்காரரை இரும வைத்துக்கொண்டிருந்ததை நான் முதல் நாளே கவனித்திருக்க வேண்டும்.

டர்போ பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் தங்கள் வண்டியில் இந்த சென்சார் இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும். மேனிஃபோல்டு அழுத்தத்தை மட்டும் வைத்தே காற்றைக் கணக்கிடும் மாடல்கள் பல உண்டு. இருந்தால், அங்கே இசியூ எரிபொருளை எவ்வளவு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று காட்டும் ஃபியூல் டிரிம் என்ற எண் வேலையை எளிதாக்கும். ஐட்லிங்கில் கூட்டலில் நின்று வேகத்தில் இயல்புக்கு வந்தால் உறிஞ்சும் பக்கத்தில் கசிவு. வேகமும் சுமையும் கூடக் கூடக் கூட்டல் பக்கம் போனால் சென்சார் குறைத்துக் காட்டுகிறது.

கசிவு இருக்கிறது என்று தெரிந்தபின் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வியாசர்பாடியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போனபோது, “சென்சார் மேல பழியப் போடாத சார், மொதல்ல ஓஸக் கழட்டு” என்று எண்களைக் காட்டுவதற்கு முன்பே சொன்னார். புகையைப் பார்த்துவிட்டார் போலும். அவரிடம் இருந்த கருவி, ஹார்டுவேர் கடையில் வாங்கிய பிவிசி குழாய் மூடி. அதன் நடுவில் துளை போட்டு ஒரு டியூப்லெஸ் டயர் வால்வைச் செருகியிருந்தார். ஏர் ஃபில்டர் பக்கமிருந்து டர்போவுக்குள் போகும் குழாயில் அதை மாட்டிக் கிளாம்பை இறுக்கி, கிராங்க்கேஸிலிருந்து வரும் பிரீதர் ஓஸை அடைத்துவிட்டு, பஞ்சர் கடை கம்ப்ரசரிலிருந்து அரை பார் அளவுக்கு மட்டும் காற்று கொடுத்தார். அதற்கு மேல் கொடுத்தால் சீல்களுக்கு ஆபத்து. வால்வு திறந்திருக்கும் சிலிண்டர் வழியாகக் கொஞ்சம் காற்று போகும் சத்தம் எப்போதும் கேட்கும், அதை கசிவென்று எண்ணிவிடக் கூடாது என்று என்ஜினைக் கொஞ்சம் சுற்றியும் வைத்தார். பிறகு சோப்புத் தண்ணீரை ஓஸ்கள் மேல் தெளித்தார். இன்டர்கூலரின் கீழ் வளைவில், ரேடியேட்டருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், நுரை கொழுக்கட்டை அளவுக்குப் பொங்கியது. கழற்றிப் பார்த்தால், கிளாம்புக்கு அரை அங்குலம் தள்ளி ரப்பர் விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. வெளியிலிருந்து பார்க்கும்போது எண்ணெயும் கருந்தூசும் சேர்ந்த ஒரு ஈரத் திட்டு மட்டுமே அங்கே இருந்தது. ஓஸின் மேல் அப்படி ஒரு திட்டைப் பார்த்தால் வேறு கருவியே வேண்டாம்.

ஓஸ் மாற்ற ஆன செலவு, சென்சாருக்குச் சொன்ன தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அடுத்த ஞாயிறு அதே சாலையில் அதே கியரில் அழுத்தம் 198, காற்று 50 கிராம். கணக்குப்படி, 60 டிகிரி வெப்பத்தில், 55 வர வேண்டும். ஒன்பது சதவீதம் குறைவு. இங்கேதான் சிலர் சென்சாரும் கெட்டிருக்கிறது என்று முடிவு செய்வார்கள். எடுத்துக்கொண்ட 85 சதவீதமே ஒரு தோராயம் என்பதால், பத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்பது என் கருத்து. இருந்தாலும் ஸ்ப்ரே வாங்கிச் சுத்தம் செய்து, இன்னொரு முறை ஓட்டியதில் 53 வந்தது. ஆக ஸ்ப்ரேக்கும் பயன் இருந்தது, அது முதல் ஆளாக வந்திருந்தால் ஓஸின் கதை வெளியே வந்திருக்காது.

உண்மையிலேயே சென்சார்தான் என்று தெரிந்துவிட்டால், அப்போதும் வாங்குவதற்கு முன் ஒரு மல்டிமீட்டர் சோதனை உண்டு. பிளக்கைக் கழற்றி, சாவியைத் திருப்பி, 12 வோல்ட் வருகிறதா, எர்த் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடலோரத் தெருக்களில் நிற்கும் வண்டிகளில் பிளக்கின் பின்களில் பச்சை பூத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சமிக்ஞைக் கம்பியின் பின்னில் அது வந்தால் சென்சார் தவறாகச் சொல்வது போலவே தோன்றும். மழையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு சுரங்கப்பாதைப் பக்கம் தண்ணீரில் ஓட்டிய வண்டியென்றால், ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே ஈரம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

வாங்கும் இடத்திலும் தேர்வு உண்டு. புதுப்பேட்டையில் கழற்றிய சென்சார் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதுவும் நம்முடையதைப் போலவே பத்து வருடத் தூசு தின்றது. அங்கே நான் வாங்குவது பிளக்கும் ஒயரும் சேர்ந்த துண்டு, உடையாத ஃபில்டர் பெட்டி போன்றவற்றை மட்டுமே. பெயர் இல்லாத புதிய டூப்ளிகேட்டுகளின் கோளாறு நுட்பமானது. ஒரு சென்சாரின் வோல்ட்டுக்கும் கிராமுக்கும் உள்ள உறவு, அது பொருந்தியிருக்கும் குழாயின் விட்டத்தோடு சேர்த்து இசியூவில் பதிந்திருக்கிறது. 60 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 62 மில்லிமீட்டரில் வந்தால் காற்று போகும் பரப்பு ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடிவிடும். சென்சாருக்கு எந்தக் குறையும் இல்லாமலேயே அளவு குறைந்து தெரியும். கார் கம்பெனியின் பெட்டியில் வருவதும், அந்த சென்சாரைச் செய்து கொடுக்கும் நிறுவனத்தின் சொந்தப் பெட்டியில் வருவதும் பாக எண் ஒன்றாக இருக்கும்போது பொருள் ஒன்றே. இரண்டாவதின் விலை பெரும்பாலும் குறைவு. பழைய சென்சாரின் உடம்பில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போய் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் நாலு கடை விசாரிப்பது அரை நாள் வேலை.

என் பழைய சென்சார் இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஃபில்டர் மாற்றத்துக்குப் பிறகும் அதே சாலையில், அதே கியரில் ஒரு முறை பதிவு செய்கிறேன். அழுத்தம் 195-க்கு மேல் நின்று, காற்று 45 கிராமுக்குக் கீழே இறங்கும் நாளில் புதியதை வாங்குவேன். கடைசிப் பதிவில் 52 இருந்தது.